திருகோணமலையில் ஒரு குழந்தைகள் பூங்கா: நிழல், மாரி, பஸ் காசு

மூன்று வயதுப் பிள்ளையை மாலையில் எங்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்று திருகோணமலையில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: மான் காட்டுங்கோ. பிரெட்ரிக் கோட்டை வாசலிலும், கடற்கரையோரத்திலும், சில நாட்களில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலும் புள்ளிமான்கள் கூட்டமாக நிற்கும். வாழைப்பழத் தோலை நீட்டினால் கிட்ட வந்து வாங்கும். பிள்ளை கைகொட்டிச் சிரிக்கும். பிறகு கடற்கரை, ஒரு சுருள் கச்சான், ஒரு தும்பு முட்டாஸ், அழுதால் ஒரு பலூன். ஏழு மணிக்கு வீடு.

என் தங்கையின் மகளுக்கு நாலு வயது. ஐந்தாறு கிழமை இப்படிப் போன பிறகு ஒரு சனிக்கிழமை, வாசலில் செருப்பைப் போட்டபடியே கேட்டாள்: "பெரியம்மா, இண்டைக்கும் மான்தானா?" என்னிடம் பதில் இருக்கவில்லை. ஊஞ்சலும் சறுக்கியும் உள்ள இடங்கள் நகரத்தில் இல்லாமல் இல்லை. ஆனால் பகலில் இரும்பு சுடும். நிழல் போதாது. கழிப்பறை இருந்தால் பூட்டியிருக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கென்று அளவெடுத்துச் செய்த சாமான் அபூர்வம்.

சிறுபிள்ளைகளுக்கென்றே ஒரு கேளிக்கைப் பூங்கா, ஊரில் சொல்வதுபோலச் சொன்னால் ஒரு தீம் பார்க், இங்கே எழுந்தால் நின்று பிடிக்குமா? பத்து வருடம் கழித்தும் அதன் வர்ணம் மங்காமல் இருக்குமா? நான் பார்த்தவரையில் முடியும். வெளிநாட்டுப் பூங்கா ஒன்றைச் சின்னதாக்கிக் கொண்டுவந்து நிலாவெளியில் வைத்தால் முடியாது. கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், கந்தளாய் வீட்டுக்காரர் வருடத்துக்கு மூன்று தடவை வந்துபோகக்கூடிய இடமாக இருந்தால் முடியும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் ஏன் சின்னப் பிள்ளைகளைத் தேடுகின்றன

அமெரிக்காவின் யூனிவர்சல் நிறுவனம் 2023 ஜனவரியில் ஓர் அறிவிப்பைச் செய்தது. டெக்சாஸ் மாநிலத்தின் பிரிஸ்கோ நகரில் சுமார் 97 ஏக்கரில், சிறுபிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கென்றே ஒரு பூங்கா. பக்கத்தில் 300 அறைகளோடு ஒரு ஹொட்டேல். திறப்பு 2026இல் என்று திட்டமிட்டார்கள். இதே நிறுவனம் புளோரிடாவில் 2025 மே மாதம் திறந்த பிரம்மாண்டமான பூங்காவுக்குப் பல நூறு கோடி டொலர் செலவானது. அதோடு ஒப்பிட்டால் பிரிஸ்கோ பூங்கா மிகச் சிறியது.

இந்தச் சின்ன அளவுக்குக் காரணம் உண்டு. பெரிய பூங்காவுக்குப் போவதென்றால் ஒரு குடும்பம் விமானம் ஏறி, நாலைந்து நாள் தங்கி, வருடக்கணக்காகச் சேர்த்த காசைச் செலவழிக்க வேண்டும். நாலு வயதுப் பிள்ளையோடு அந்தப் பயணம் பெற்றோருக்குத் தண்டனை. அங்கே போனாலும் பெரிய சவாரிகளில் பாதிக்கு முன்னால் உயரம் அளக்கும் பலகை நிற்கும். பிள்ளை அதற்குக் கீழே நின்று அழும். ஆகவே பிள்ளை இருக்கும் ஊருக்குப் பூங்காவையே கொண்டுபோகிறார்கள். பிரிஸ்கோவைச் சுற்றியுள்ள டலஸ் பெருநகரப் பகுதியில் ஏறத்தாழ 80 இலட்சம் மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் காலையில் காரில் வந்து மாலையில் வீடு திரும்பலாம். புளோரிடாவில் லெகோலாண்டுக்குப் பக்கத்தில் 2022இல் திறந்த பெப்பா பிக் பூங்காவும் இதே சிந்தனையில் பிறந்ததுதான். பென்சில்வேனியாவில் 1980இல் தொடங்கிய செசமி பிளேஸ் இவற்றுக்கெல்லாம் மூத்தது.

திருகோணமலைக்கு இவற்றில் எதுவும் நேரடி மாதிரி ஆகாது. எங்களைச் சுற்றி 80 இலட்சம் பேர் இல்லை. காட்டூன் பாத்திரங்களின் உரிமைக்குக் கட்ட டொலரும் இல்லை. எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்றுதான்: சின்னப் பிள்ளைக்கான பூங்கா வீட்டுக்குக் கிட்ட இருக்க வேண்டும், அரை நாளில் முடிய வேண்டும்.

எனக்கு இவற்றைவிட நெருக்கமாகப் படுவது வேறொரு பழைய இடம். கலிபோர்னியாவின் ஒக்லண்ட் நகரில், ஓர் ஏரிக்கரையில், 1950இல் திறந்த சிறுவர் பூங்கா. பத்து ஏக்கர்தான். குழந்தைக் கதைகளில் வரும் வீடு, கப்பல், கிணறு எல்லாவற்றையும் பிள்ளை உள்ளே புகுந்து ஏறி விளையாடும் அளவில் செய்து வைத்தார்கள். 1956 முதல் பொம்மலாட்டம். கொஞ்சக் காலத்தில் ஒரு மாயத் திறப்பும் வந்தது: அதைக் கதைப்பெட்டியில் போட்டுத் திருப்பினால் பெட்டி கதை சொல்லும். பிள்ளை இல்லாமல் பெரியவர் தனியாக உள்ளே போக முடியாது. டிஸ்னிலாண்ட் 1955இல் திறப்பதற்கு முன் வோல்ட் டிஸ்னி வந்து பார்த்துப் போன இடங்களில் இதுவும் ஒன்று. இலாபத்துக்காக நடத்தப்படாத அந்தப் பூங்கா எழுபது வருடம் தாண்டியும் ஓடுகிறது. பேரப்பிள்ளையைக் கூட்டிவரும் அம்மம்மாவும் ஒரு காலத்தில் அதே கதைப்பெட்டியில் திறப்பைத் திருப்பியவராக இருப்பார்.

கச்சானும் வாடையும்

கச்சான் என்றால் எங்களுக்குக் கடலையும்தான், காற்றும்தான். யூன் முதல் ஓகஸ்ட் வரை மலைப்பக்கமிருந்து தரை வழியாக வந்து வீசும் அந்த வரண்ட மேற்குக் காற்றில் வெப்பம் 35 பாகையைத் தாண்டும் நாட்கள் பல. பகல் 11 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் வெளியில் நின்ற இரும்புச் சறுக்கியில் குட்டைக் காற்சட்டை போட்ட பிள்ளையை இருத்தினால் தொடை பொள்ளும். கரிய இரப்பர் தரை இன்னும் மோசம். சிறுபிள்ளையின் உடல் பெரியவர் உடலைவிட வேகமாகச் சூடேறும். தாகம் என்று சொல்லவும் தெரியாது, அழத்தான் தெரியும்.

மறுபக்கம் வாடைக் காற்றோடு வரும் மாரி. திருகோணமலைக்கு வருடத்தில் ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை. அதில் கிட்டத்தட்டப் பாதி நவம்பர், டிசம்பர் இரண்டு மாதத்திலேயே கொட்டிவிடும். புயல்களும் இந்தப் பருவத்திலேதான் வருகின்றன. 1964 டிசம்பர்ப் புயலை ஊரில் மூத்தவர்கள் இன்றும் ஆண்டு சொல்லாமல் "அந்தப் புயல்" என்பார்கள். 2020 டிசம்பரில் புரெவி இந்தக் கரையோரத்தால்தான் தரைக்கு ஏறியது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாவின் வெள்ளம் இன்னும் நினைவில் ஈரமாகவே இருக்கிறது.

இதைக் கேட்டவுடன் பலர் சொல்வது: அப்படியானால் பூங்காவை உள்ளரங்கில், குளிரூட்டிக் கட்டலாமே. கட்டலாம். 2022 நெருக்கடிக்குப் பிறகு மின்கட்டணம் எங்கே போய் நிற்கிறது என்று கடை வைத்திருப்பவரைக் கேட்டால் தெரியும். முழுப் பூங்காவையும் குளிரூட்டினால் அந்தச் செலவு நுழைவுச் சீட்டில்தான் வந்து விடியும்.

டென்மார்க்கில் பிலுண்ட் என்றொரு சிற்றூர் உண்டு. உலகின் முதல் லெகோலாண்ட் 1968இல் அங்கேதான் திறந்தது. அந்த ஊரின் மக்கள்தொகை இன்றும் சில ஆயிரம்தான். அங்கே நெடுங்காலமாகப் பனிக்காலத்தில் பூங்காவைப் பல மாதம் மூடிவந்தார்கள். வசந்தத்தில் திறந்து இலையுதிர் காலத்தோடு முடிப்பதுதான் வழக்கமாக இருந்தது. அந்த மூடிய மாதங்களில்தான் பழுது பார்ப்பது, வர்ணம் பூசுவது, புதிய சவாரி பொருத்துவது. நாங்களும் மாரிக்கு மூடுவதை ஒரு குறையாக எண்ண வேண்டியதில்லை. பெப்ரவரியில் திறந்து ஒக்டோபர் நடுவில் மூடும் பூங்கா என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், ஆட்களின் வேலை ஒப்பந்தம், கடைகளின் வாடகை, வங்கிக் கணக்கு எல்லாம் அதற்கேற்ப அமையும். பன்னிரண்டு மாதமும் திறந்திருக்கும் என்று எழுதி, நவம்பரில் வெறிச்சோடி, ஜனவரியில் சம்பளம் கொடுக்க முடியாமல் போவதுதான் ஆபத்து.

திறக்கும் நேரமும் வெயிலைப் பார்த்தே. காலை எட்டு முதல் பத்தரை வரை முன்பள்ளிக் கூட்டங்களுக்கு. பிறகு மூடிவிட்டு, பின்னேரம் மூன்றரைக்குத் திறந்து இரவு எட்டு வரை குடும்பங்களுக்கு. நடுப்பகலில் எப்படியும் இந்த வயதுப் பிள்ளைகள் நித்திரை கொள்ளும் நேரம். மாலையில் கடற்காற்றும் ஏறிவிடும். இப்படிச் செய்தால் குளிரூட்டி இல்லாமலே சமாளிக்கலாம், ஆனால் மரம் வேண்டும். வேம்பு, நாவல், மருது, வாகை. இவை நிழல் தர வருடங்கள் ஆகும். பூங்காவின் முதல் வேலையே நாற்று நடுவதாக இருக்க வேண்டும். சவாரிகளுக்கு ஓடர் கொடுப்பது பிறகு.

வருகிறவர் யார், அவர் கையில் எவ்வளவு

2012 கணக்கெடுப்பில் திருகோணமலை மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 3 இலட்சத்து 80 ஆயிரம். நாட்டிலேயே இளவயதினர் பங்கு கூடிய மாவட்டங்களில் ஒன்று. ஒவ்வொரு வயதிலும் 7,000 பிள்ளைகள் என்று குறைத்தே வைத்தாலும், 2 வயது முதல் 8 வயது வரை ஐம்பதாயிரத்துக்குக் கிட்ட வருகிறது. இலங்கை முழுவதும் பிறப்புகள் குறைந்து வருகின்றன: பத்து வருடத்துக்கு முன் ஆண்டுக்கு 3 இலட்சத்தைத் தாண்டியிருந்த எண்ணிக்கை 2023இல் இரண்டரை இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. ஆகவே வாடிக்கையாளர் கூடிக்கொண்டே போவார் என்று எந்தத் திட்டத்திலும் எழுதக்கூடாது. இன்றைக்கு இருக்கும் பிள்ளைகள் திரும்பத் திரும்ப வர வேண்டும், அதைத்தான் நம்பியிருக்கலாம்.

நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எண்கள் என் ஊகம். வேறு யாராவது திருத்திப் போடட்டும். அந்த ஐம்பதாயிரத்தில் பாதிப் பேர் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறார்கள் என்போம். அவர்களில் பத்துக்கு நாலு பேர், அதாவது 10,000 பிள்ளைகள், வருடத்தில் மூன்று தடவை வருகிறார்கள். 30,000 வருகை. பிள்ளைக்கு 500 ரூபாய் என்றால் ஒன்றரைக் கோடி. ஒவ்வொரு பிள்ளையோடும் சராசரி ஒன்றரைப் பெரியவர், ஆளுக்கு 200 ரூபாய். அது 90 இலட்சம். மொத்தம் 2 கோடி 40 இலட்சம். வெள்ளி, சனி, ஞாயிறோடு விடுமுறை நாட்களும் சேர்த்து வருடத்தில் 160 நாள் திறந்தால் நாளுக்கு 190 பிள்ளைகள் அளவில் வரும். அது நடக்கக்கூடியது.

இனிச் செலவு. முப்பது பேர் வேலைக்கு, ஆளுக்கு மாதம் 45,000. ஊழியர் சேமலாப நிதிக்கு நிறுவனத்தின் பங்கு 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். வருடத்துக்கு ஒரு கோடி 86 இலட்சம் சம்பளத்துக்கே போய்விடும். மீதி 54 இலட்சத்தில் மின்சாரம், தண்ணீர், காப்புறுதி, திருத்த வேலை, பாதுகாவலர், வர்ணம். சாப்பாட்டுக் கடைகளின் வாடகையும், பிறந்தநாள் விழாக்களும், முன்பள்ளிச் சுற்றுலாவும் சேர்ந்தால் வருடம் தள்ளலாம். ஆனால் இந்தக் கணக்கில் காணி வாங்கிய கடனுக்கு இடமே இல்லை. சவாரிகளுக்கு வாங்கிய கடனுக்கும் இல்லை.

இதனால்தான் சொல்கிறேன், முழுக்கத் தனியார் முதலீட்டாளர் ஒருவர் வந்து ஐந்து வருடத்தில் போட்ட காசை எடுப்பார் என்று எதிர்பார்த்தால் அது நடக்காது. அவர் எடுக்கப் பார்த்தால் சீட்டு விலை ஏறும். தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாய், நாட்சம்பளம் 1,200. தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என்றால் என் கணக்கிலேயே உள்ளே போக 1,400 ரூபாய். மூதூரிலிருந்து பஸ் காசு, ஐஸ்பழம், வடை, தேநீர் எல்லாம் சேர்ந்தால் இரண்டு நாட்கூலி. இதற்கு மேல் ஏற்றினால் வருடம் மூன்று தடவை ஒரு தடவையாகும். அந்த ஒரு தடவையும் பெருநாளுக்கோ பிறந்தநாளுக்கோ என்றாகிவிடும். மூன்று தடவை என்பதில்தான் என் கணக்கே நிற்கிறது.

உல்லாசப் பயணிகளை நம்பலாமே என்பார்கள். 2024இல் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் இலங்கைக்கு வந்தார்கள். அவர்களில் ஒரு பகுதி உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் வருகிறது, புறாத்தீவில் மீன் பார்க்க, கடலில் திமிங்கிலம் பார்க்க. ஐரோப்பாவிலிருந்து வரும் குடும்பம் இங்கே தேடுவது கடலைத்தான். தன் ஊரில் இருக்கும் சவாரியைத் தேடி அது வராது. தெற்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வரும் உள்நாட்டுக் குடும்பங்கள் வேறு விஷயம். போயா வாரஇறுதிகளில் கோணேசர் கோயில், கன்னியா, சேருவில என்று வான் பிடித்து வருகிறவர்களோடு எப்போதும் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஓகஸ்ட் விடுமுறை எங்கள் நல்ல பருவத்தோடு சரியாகப் பொருந்துகிறது. முஸ்லிம் பாடசாலைகளின் விடுமுறை நோன்பை ஒட்டி வருவதால் அந்தப் பெருநாள் கூட்டம் வேறு கிழமைகளில் வரும். இப்படிக் கூட்டம் பிரிந்து வருவது பூங்காவுக்கு வசதிதான். இவர்கள் கறிக்கு உப்பு மாதிரி. சோறு உள்ளூர்ப் பிள்ளைகளே.

வடக்கில் இயக்கச்சியில் உள்ள றீச்சா பண்ணையைப் பாருங்கள். பண்ணையும் சாப்பாடும் பிள்ளைகள் ஓடியாட இடமுமாக, யாழ்ப்பாணம், கிளிநொச்சிக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை போய்வரும் இடமாக அது ஆகியிருக்கிறது. புலம்பெயர்ந்தவர்களின் காசு ஊரில் இப்படி இறங்கலாம் என்பதற்கு அது ஓர் உதாரணம். வாகரையும் மட்டக்களப்பும் வவுனியாவும் எங்களுக்கு அதைவிடக் கொஞ்சம் தூரம்தான், ஆனாலும் ஒரு நாளில் வந்துபோகலாம்.

எந்தக் காணி

கடற்கரைக் காணிதான் எல்லோர் வாயிலும் முதலில் வரும். எனக்கு அதில் சம்மதம் இல்லை. உப்புக் காற்றில் சாதாரண இரும்பு இரண்டு மூன்று மாரிக்குள் பொருக்கு விடும். ஆணியும் சங்கிலியும் உள்ளுக்குள் அரித்திருப்பது வெளியில் தெரியாது. கரையோரத் திணைக்களத்தின் கட்டுப்பாடுகளும் உண்டு. அதற்கும் மேலாக, 2004 டிசம்பர் 26ஐக் கண்ட தாய்மார் இந்த ஊரில் இருக்கிறார்கள். இன்றைக்கு அம்மம்மாவாக இருக்கும் அவர்கள், அலை சத்தம் கேட்கும் இடத்தில் பிள்ளையின் கையை விடமாட்டார்கள். விடச் சொல்லவும் எங்களுக்கு உரிமை இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, கடற்கரையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில், ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே இடத்தில்தான் இன்றைக்குக் கச்சான் வண்டி நிற்கிறது, பிள்ளைகள் ஓடுகிறார்கள். என் வயதுக்காரர் அந்த வழியால் போகும்போது ஒரு கணம் பேச்சு நிற்கும். ஊரடங்கும் சோதனைச் சாவடியுமாகப் பிள்ளைப்பருவம் போன ஒரு தலைமுறை இப்போது பெற்றோராக இருக்கிறது. பொது இடத்தில் பிள்ளையை அவிழ்த்துவிட்டு நிம்மதியாக வாங்கில் உட்கார்வது அவர்களுக்குப் பழக்கமில்லாத ஒன்று. ஒரு வேலி, ஒரே வாசல், உள்ளே எல்லாம் கண்ணுக்குத் தெரியும் அமைப்பு. பூங்காவின் பெரிய வசதியே அவர்களுக்கு அதுவாகத்தான் இருக்கும்.

நகரத்துக்கும் சீனக்குடாவுக்கும் இடையில், கண்டி வீதியை ஒட்டிய பக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது. கந்தளாய், தம்பலகாமம் பஸ் அந்த வழியால்தான் நகரத்துக்கு வருகிறது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு கிண்ணியா, மூதூர் ஆட்களும் அதே வீதியில்தான் சேருகிறார்கள். முன்பு படகுப்பாதையில் காத்து நின்ற ஊர்கள் அவை. மட்டக்களப்பிலிருந்து வரும் வீதியும் அங்கேதான் வந்து முட்டுகிறது. கன்னியாப் பக்கமும் மோசமில்லை. அநுராதபுரம், வவுனியா வழியால் வருகிறவர்களுக்கு அது வசதி. இன்னும் உள்ளே, காட்டோரமாகப் போனால் காணி மலிவு, ஆனால் யானை.

பிரச்சினை காணியின் உரித்து. துறைமுக அதிகார சபை, முப்படை, வனத் திணைக்களம், தொல்லியல் திணைக்களம் என்று இந்த மாவட்டத்தில் பெரும் பரப்புகள் ஏதோ ஒரு திணைக்களத்தின் பெயரில் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றில் பரம்பரையாகப் பயிர் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு குடும்பத்தை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் ஊஞ்சல் கட்டுவதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்கமாட்டேன். ஐந்து ஏக்கர் போதும். பிணக்கில்லாத அரச காணி, முப்பது வருடக் குத்தகை, பெயரளவு வாடகை. முன்னே போட்ட கணக்கு தேறுவதற்கு இது ஒன்றே வழி.

தலை சிக்கும் இடைவெளி

பெருநாளுக்கும் திருவிழாவுக்கும் வந்திறங்கும் கார்னிவல் ராட்டினங்களில் நாங்கள் எல்லோரும் ஏறித்தான் வளர்ந்தோம். ஒரு தடவை நான் ஏறிய பெட்டியின் கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. சிறுபிள்ளைப் பூங்காவில் அந்த அதிர்ஷ்டத்தை நம்ப முடியாது.

விளையாட்டிடங்களுக்கு ஐரோப்பாவில் ஒரு தரநியமம் இருக்கிறது, எண் 1176. அதில் எனக்குப் பிடித்த விதி இடைவெளி பற்றியது. கம்பிகளுக்கு இடையில் 89 மில்லிமீற்றருக்கும் 230 மில்லிமீற்றருக்கும் இடைப்பட்ட திறப்பு விடக்கூடாது. அதைவிடச் சின்னதென்றால் பிள்ளையின் உடல் நுழையாது. பெரிதென்றால் தலையும் வெளியே வந்துவிடும். நடுவில் உள்ள அளவில்தான் கால் முதலில் போய், உடல் போய், கழுத்தில் தொங்கும். ஊரில் உள்ள எத்தனையோ பல்கனிக் கம்பிகள் சரியாக அந்த அளவில்தான் இருக்கின்றன. விழும் உயரம் எந்த இடத்திலும் 3 மீற்றரைத் தாண்டக்கூடாது. கீழே மணல் என்றால் குறைந்தது 300 மில்லிமீற்றர் ஆழம் வேண்டும். சிறுபிள்ளைகளுக்கு இந்த உயரத்தில் பாதிகூடத் தேவையில்லை. மணல் இறுகிப்போகும் என்பதால் ஒவ்வொரு காலையும் அதைக் கிளறிவிட ஓர் ஆள் வேண்டும். நாய், பூனை அசுத்தம் செய்யாமல் இரவில் மூடவும் வேண்டும். கடற்கரை மணலை அள்ளிவந்து போடலாம் என்று யாரும் நினைக்கக்கூடாது; அது சட்டவிரோதம், கரைக்கும் கேடு.

சவாரிகளைப் பொறுத்தவரை என் அபிப்பிராயம் குறைவே போதும் என்பது. மெதுவாகச் சுற்றும் ஒரு குதிரை ராட்டினம், ஒரு சின்ன ரயில், அவ்வளவும் தொடக்கத்துக்குப் போதும். மோட்டார் உள்ள ஒவ்வொரு சாமானும் ஒரு பொறியியலாளரை, ஒரு உதிரிப் பாகத்தை, ஒரு காப்புறுதியைக் கேட்கும். உதிரிப் பாகம் சீனாவிலிருந்து கப்பலில் வரும் வரை அந்தச் சவாரி தார்ப்பாய் போர்த்தி நிற்கும். தார்ப்பாய் போர்த்திய ராட்டினத்தைப் பார்த்த பிள்ளையின் முகம் எனக்குத் தெரியும்.

மற்றவை எல்லாம் சின்ன விஷயங்கள் போலத் தோன்றும், ஆனால் தாய்மார் அதைப் பார்த்துத்தான் இரண்டாம் தடவை வருவதா இல்லையா என்று முடிவெடுப்பார்கள். பிள்ளையின் உயரத்துக்குக் கை கழுவும் தொட்டி. சுத்தமான கழிப்பறை, வாசலில் எப்போதும் ஓர் ஆள். பால் கொடுக்க மறைவான, காற்றோட்டமுள்ள அறை. தொழுகைக்கு ஓர் இடம். அப்பப்பா உட்கார முதுகு சாயும் வாங்கு. சக்கர நாற்காலி போகும் பாதை. அமெரிக்காவில் சான் அன்டோனியோ நகரில் 2010இல் திறந்த மோர்கன்ஸ் வொண்டர்லாண்ட் பூங்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவு இலவசம். அங்குள்ள சவாரிகளும் அவர்கள் ஏறக்கூடியவாறு அமைந்தவை. போர் நடந்த ஒரு மாவட்டத்தில் நாங்கள் அதைப் பிறகு சேர்க்கலாம் என்று தள்ளிவைக்கக்கூடாது.

குளக்கோட்டன் வாய்க்கால்

ஒரு பூங்காவுக்கு ஒரு கதை வேண்டும். தீம் என்பது அதுதானே. இந்த ஊரில் கதைக்குப் பஞ்சமா? சுவாமி மலையில் இராவணன் வெட்டு. தாயின் கிரியைக்காக அவன் வாளால் குத்திய இடங்களில் ஊற்றெடுத்ததாகச் சொல்லும் கன்னியாவின் ஏழு கிணறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூட்டில். கோணேசர் கோயில் திருப்பணியோடும் கந்தளாய்க் குளத்தோடும் எங்கள் மரபு சேர்த்துச் சொல்லும் மன்னன் குளக்கோட்டன். கடலில் நீலத் திமிங்கிலம். கோட்டையில் மான். கிண்ணியா, மூதூர் மீனவரின் தோணி. சம்பூர், வெருகல் பக்கத்து வயலும் யானையும். இராவணனும் குளக்கோட்டனும் சிலருக்குப் பக்தி, சிலருக்கு வரலாறு. பூங்காவில் யாருடைய நம்பிக்கையையும் சீண்டாமல், பாட்டி சொல்லும் கதையாக மட்டும் வைக்கலாம். தோணியும் திமிங்கிலமும் மானும் எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் பொது.

என் மனதில் உள்ள முதல் விளையாட்டு தண்ணீர். நீந்தும் தடாகம் வேண்டாம். அது ஆபத்து, தண்ணீரும் அதிகம் கேட்கும். கணுக்கால் நனையாத அளவுக்கு ஓடும் ஒரு சின்ன வாய்க்கால். மேலே ஒரு குட்டிக் குளம். அதற்கு மண்ணால் அணை கட்டலாம். மரத்தால் செய்த துருசைத் தூக்கினால் தண்ணீர் வாய்க்காலில் இறங்கி, பாத்தி பாத்தியாகப் போகும். மிஞ்சினால் கலிங்கால் வழியும். கீழே சேர்ந்த தண்ணீரை வடிகட்டி, சின்னக் கைப்பம்பியால் பிள்ளைகளே திரும்ப மேலே ஏற்றலாம். நகரத்தின் குழாய்த் தண்ணீரே கந்தளாயிலிருந்துதான் வருகிறது; பிள்ளை தான் குடிக்கும் தண்ணீரின் வழியைக் கையால் தொட்டு அறியும். தம்பலகாமத்து வயற்காரர் ஒருவரைக் கேட்டால் இதை எந்தக் கம்பனியும் இல்லாமல் கட்டித் தருவார். பழுதானால் அவரே வந்து திருத்துவார்.

பலகைகள் மூன்று மொழியிலும் வேண்டும், ஆனால் வருகிற பிள்ளைகளில் முக்கால்வாசிக்கு வாசிக்கத் தெரியாது. படம்தான் முக்கியம். கதை சொல்ல ஆள் வேண்டும். முன்பள்ளி ஆசிரியைகள் இந்த மாவட்டத்தில் மிகச் சொற்பக் கொடுப்பனவுக்கு வேலை செய்கிறார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட இருபது பிள்ளைகளை ஒரே நேரத்தில் சமாளிக்கத் தெரிந்த அவர்களைவிடத் தகுதியான ஊழியர் எங்கே கிடைப்பார்? பின்னேர வேலையாக, ஒழுங்கான சம்பளத்தில் அவர்களை எடுத்தால் பூங்காவுக்கும் நல்லது, அவர்கள் வீட்டுக்கும் நல்லது.

நடத்துவது யார் என்பதில் எனக்கு ஒரு பயம் உண்டு. அடிக்கல் நாட்டப் பலர் வருவார்கள். ஆறாம் வருடம் சங்கிலி மாற்றக் காசு கேட்டால் யாரும் இருக்கமாட்டார்கள். உள்ளூராட்சி சபையின் காணியும், கூட்டுறவு அல்லது நம்பிக்கைப் பொறுப்பு நிர்வாகமும், புலம்பெயர்ந்தவர்களின் நன்கொடையில் முதற்செலவும் என்று பிரித்தால் ஓரளவு தாங்கும். பராமரிப்புக்கென்று வருமானத்தில் பத்திலொரு பங்கை முதல் நாளிலிருந்தே தனிக் கணக்கில் போட வேண்டும். அந்தக் கணக்கு ஒவ்வொரு மாதமும் வாசலில் ஒட்டப்பட வேண்டும்.

எதையும் கட்டுவதற்கு முன், ஒரு பருவம் பரீட்சித்துப் பார்க்கலாம். ஏப்ரல் விடுமுறையிலும் ஓகஸ்டிலும் நகரத்து மைதானம் ஒன்றை எடுத்து, ஓலைப் பந்தல் போட்டு, ஒரு மணல் தொட்டி, ஒரு குட்டி வாய்க்கால், இரண்டு கதைசொல்லிகள், நாலு சுத்தமான கழிப்பறை. வாசலில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு இருந்து நாலு கேள்விதான் கேட்க வேண்டும்: எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், எதில் வந்தீர்கள், இது எத்தனையாவது தடவை.